மரக்கட்டையும் மறைந்த பெயர்களும்: ஊத் இசைஞர் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

ஊத் என்கிற அரபுச் சொல்லுக்குக் கட்டை, மரத்துண்டு என்று பொருள். 'இசைக்கருவிகளின் சுல்தான்' என்று அரபு உலகம் கொண்டாடுகிற ஒரு கருவிக்கு இவ்வளவு சாதாரணமான பெயர். தோல் போர்த்திய பழைய கருவிகளிலிருந்து, மரப்பலகை முகப்புள்ள இதைப் பிரித்துக் காட்ட இந்தப் பெயர் வந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். 'அல்-ஊத்' என்று சொல்லிச் சொல்லி, அது ஸ்பானிய மொழியில் லாவூத், பிரெஞ்சில் லூத், ஆங்கிலத்தில் லூட் என்றாகிப் போனது.

பாதியாக நறுக்கின பேரிக்காய் மாதிரி குடம். மெல்லிய மரப்பட்டைகளை வளைத்து ஒட்டிச் செய்தது. குட்டைக் கழுத்து. பின்பக்கமாக மடங்கிய தலையில் பிரடைகள். இன்று பரவலாகப் புழங்குவதில் 11 தந்திகள்: ஐந்து இரட்டைகள், ஒரு ஒற்றை. மீட்டுகிற துண்டுக்கு ரீஷா, அதாவது இறகு, என்று பெயர். கழுகின் இறகுத்தண்டு போய்க் கொம்பு, பிளாஸ்டிக் என்று வந்த பின்னும் அது இறகுதான். வீணைக்கு இருப்பது போல மெட்டுகள் இதற்குக் கிடையாது. ஆகவேதான் மகாம் என்னும் அரபுப் பண்முறை கேட்கிற நுண்ணிய இடைவெளிகளை விரல் தேடி எடுத்துக்கொள்ள முடிகிறது. பியானோவால் அது ஆகாது.

இந்தக் கட்டைக்குச் சொந்தம் கொண்டாடாத ஆள் இல்லை. ஈரானியர் எங்கள் பர்பத் என்கிறார்கள். துருக்கியில், கிரீஸில், ஆர்மேனியரிடத்தில், வட ஆப்பிரிக்காவில் எல்லாம் இது உண்டு. 2022இல் ஊத் செய்யும் கலையையும் வாசிக்கும் கலையையும் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது, அதில் பெயர் பெற்ற நாடுகள் ஈரானும் சிரியாவும். தேசங்களின் பெயர் பட்டியலில் ஏறிவிடுகிறது. வாசித்தவன் பெயர், வாசித்தவள் பெயர் எங்கே போச்சு என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. 'மரபு' என்கிற சொல் தனி ஆட்களின் பெயர்களை எப்படித் தின்று செரிக்கிறது என்பதை பாக்தாத் என்ற ஒரே நகரத்தை முன்வைத்துப் பார்க்கலாம்.

2

அப்பாஸிய பாக்தாத் 762இல் கட்டப்பட்டது. அடுத்த இரு நூற்றாண்டுகளில் ஊத் பற்றிய அறிவு அங்கே உச்சத்தை எட்டியது என்று எல்லா வரலாற்று நூல்களும் சொல்லும். தத்துவவாதி அல்-கிந்தி ஊத்தின் நான்கு தந்திகளை நான்கு பூதங்களோடும், உடம்பின் நான்கு திரவங்களோடும், பருவங்களோடும் பொருத்திக் காட்டினார். 950இல் இறந்துபோன அல்-ஃபாராபி, ஊத்தின் கழுத்தில் விரல் வைக்கும் இடங்களை அளந்து சுர இடைவெளிகளைக் கணக்கிட்டார். இவையெல்லாம் பெரிய சாதனைகள். சந்தேகமில்லை.

ஆனால் அந்த அரண்மனைகளில் அன்றாடம் ஊத்தை மடியில் வைத்து மீட்டியவர்களில் பெரும்பகுதி யார்? கியான் என்று அழைக்கப்பட்ட அடிமைப் பெண்கள். சிறுவயதிலேயே விலைக்கு வாங்கப்பட்டு, கவிதையும் பாட்டும் ஊத்தும் கற்பிக்கப்பட்டு, அந்தப் பயிற்சியின் காரணமாகவே பன்மடங்கு விலைக்கு மறுபடி விற்கப்பட்டவர்கள். இங்கே கலை என்பது விலையைக் கூட்டுகிற சரக்கு. 9ஆம் நூற்றாண்டின் எழுத்தாளர் அல்-ஜாஹிஸ் இவர்களைப் பற்றி ஒரு நிருபம் எழுதியிருக்கிறார். அதை யார் குரலில் எழுதினார் என்பது முக்கியம். பாடகிகளை வைத்துத் தொழில் நடத்தின முதலாளிகளின் குரலில். தங்கள் தொழிலுக்கு அவர்கள் சொல்லிக்கொள்ளும் நியாயங்களாகவே அந்தப் பிரதி நகர்கிறது. அல்-ஜாஹிஸ் கிண்டல் செய்கிறாரா, ஆதரிக்கிறாரா என்று அறிஞர்கள் இன்றைக்கும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெண்கள் தம் வாயால் பேசுவதற்கு அந்தப் பிரதிக்குள் இடமில்லை என்பதில் வாதமே கிடையாது.

இவர்களில் அரீப் (797-890) போன்ற சிலர் அபுல் ஃபரஜ் அல்-இஸ்ஃபஹானி தொகுத்த 'கிதாபுல் அகானி' என்கிற பாடல் களஞ்சியத்தில் இடம்பெற்றார்கள். அரீப் ஆயிரம் பாடல்களுக்குமேல் இசையமைத்தார் என்று சொல்லப்படுகிறது. கலீஃபாக்கள் கைமாற்றிக்கொண்ட ஒரு பெண் பிறகு விடுதலை பெற்று, தொண்ணூறு வயது வரை வாழ்ந்து, தன் பாணிக்கென்று ஒரு சீடர் கூட்டத்தையே வைத்திருந்தார். அபூர்வமான வாழ்க்கைதான். ஆனால் ஒரு அரீபைக் காட்டி, 'பாருங்கள், அடிமைப் பெண்ணுக்கும் எவ்வளவு மதிப்பு' என்று சொல்வது மேலோர் வரலாறெழுதியலின் பழைய தந்திரம். விதிவிலக்கு ஒன்றின் பெயரைப் பொறித்து வைத்தால் விதியைப் பற்றிப் பேச வேண்டியதில்லை அல்லவா?

ஸிர்யாபின் கதையையும் இந்த இடத்தில் பார்த்துவிட வேண்டும். பாக்தாத்திலிருந்து கிளம்பி 822இல் குர்துபா (கோர்தோபா) போய்ச் சேர்ந்த கறுப்பு இசைஞர். ஸிர்யாப் என்பதே ஒரு கரும்பறவையின் பெயர். கலீஃபா குடும்பத்தின் விடுவிக்கப்பட்ட அடிமை வர்க்கத்தைச் சேர்ந்தவர். ஊத்தில் ஐந்தாவது தந்தியைச் சேர்த்தார், கழுகு இறகால் மீட்டினார் என்பதில் தொடங்கி, பற்பசை, விருந்தில் பரிமாறும் ஒழுங்கு, முடிவெட்டும் விதம் வரைக்கும் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனவர் அவரே என்று ஆளாளுக்குக் கதை விட்டிருக்கிறார்கள். இந்தச் சித்திரத்தின் பெரும்பகுதி 17ஆம் நூற்றாண்டில் அல்-மக்கரி எழுதியதிலிருந்து வருகிறது. அவருக்கு ஆதாரமாயிருந்தவர் 11ஆம் நூற்றாண்டின் இப்னு ஹய்யான். அந்த மூலப்பகுதி நம் காலத்தில் அச்சுக்கு வந்தபின், அல்-மக்கரி அதை எப்படி வெட்டி ஒட்டியிருக்கிறார் என்பது தெரிந்தது. ஸிர்யாபைக் கேலி செய்யும் துணுக்குகளும், அவருக்கு இணையாகவும் முன்பாகவும் குர்துபாவில் இருந்த பிற பாடகர் பற்றிய செய்திகளும் மூலத்தில் உண்டு. அவை கழிக்கப்பட்டபின் மிஞ்சியவர்தான் நாமறிந்த 'மேதை'.

ஆக இரண்டு வழிமுறைகள். ஒன்று, பலர் சேர்ந்து செய்ததை ஒரே மேதையின் பெயரில் குவிப்பது. இன்னொன்று, ஒரு ஆள் செய்ததை 'மரபு' என்ற பெயரற்ற குவியலில் கரைப்பது. முதலாவதை மத்தியகாலம் செய்தது. இரண்டாவது, நவீன தேசத்தின் வேலை.

3

1932 மார்ச், ஏப்ரல் மாதங்களில் எகிப்தின் மன்னர் ஃபுஆத் ஆதரவில் கெய்ரோவில் அரபு இசை மாநாடு கூடியது. ஹங்கேரியிலிருந்து பார்த்தோக், ஜெர்மனியிலிருந்து ஹிண்டெமித், ஹார்ன்போஸ்டல், லாக்மன், கூர்ட் சாக்ஸ் என்று பெரிய பட்டாளமே வந்திருந்தது. சுர எண்ணிக்கையை 24 சம கால்-சுரங்களாக வரையறுத்துவிடலாமா என்று ஒரு சண்டை. அரபு இசைக்குள் பியானோவையும் செல்லோவையும் விடலாமா என்று ஒரு சண்டை. இதில் ஒரு வேடிக்கை: 'முன்னேற்றம்' வேண்டும், மேற்கத்தியக் கருவி வேண்டும் என்று நின்றவர்களில் பலர் எகிப்தியர். 'உங்கள் தூய்மையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்' என்று அறிவுரை சொன்னவர்களில் பலர் ஐரோப்பியர். கீழைத்தேயம் அருங்காட்சியகமாக இருக்க வேண்டும் என்ற ஆசையும், ஐரோப்பா மாதிரி ஆக வேண்டும் என்ற ஆசையும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தன. வாசிக்கிறவனை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவன் அடுத்த அறையில் ஒலித்தட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தான்.

அந்த அறைக்கு வந்த குழுக்களில் ஈராக் குழு முக்கியமானது. பாடகர் முகம்மது அல்-குப்பாஞ்சி, முஸ்லிம். பக்கவாத்தியக்காரர்களில் பெரும்பாலோர் பாக்தாத் யூதர்கள். ஊத் வாசித்தவர் அஸ்ஸூரி ஹாரூன். கானூனுக்கு யூசுஃப் ஸஅரூர், சந்தூருக்கு யூசுஃப் பத்தாவ், ஜோஸே என்கிற வில்கருவிக்கு ஸாலிஹ் ஷுமைல். ஈராக் அப்போது இன்னும் பிரிட்டிஷ் பொறுப்பாட்சியில் இருந்தது. சுதந்திரம் பெற்றது அந்த வருஷம் அக்டோபரில்தான். பிறக்கப்போகும் அரபு தேசத்தின் குரலை உலகத்துக்கு வாசித்துக் காட்டியவர்கள் யூதர்கள்.

இது தற்செயல் இல்லை. பாக்தாத்தில் மகாம் பாடுகிறவருக்கு மரியாதை உண்டு. குர்ஆன் ஓதுகிற, கவிதை சொல்கிற குரல் அது. கருவி வாசிப்பதோ கூலித் தொழில், கண்ணியக் குறைவு என்று முஸ்லிம் மேல்தட்டு கருதியது. அந்தத் தொழில் பெரும்பாலும் யூதக் குடும்பங்களின் கையில் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்தது. இழிவு என்று ஒதுக்கப்பட்ட இடத்தில் திறமை சேர்ந்தது. சேர்ந்த திறமைக்குப் பிற்பாடு 'தேசியச் செல்வம்' என்று பெயர் வந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மகாமுக்கு வாசிக்கும் சால்கி என்ற பழைய பாக்தாத் குழுவில் ஊத்தே கிடையாது. சந்தூர், ஜோஸே, தாளக் கருவிகள், அவ்வளவுதான். ஊத்தும் கானூனும் அங்கே சேர்ந்தது 20ஆம் நூற்றாண்டில். 'பாக்தாத்தின் ஆயிரமாண்டு ஊத் மரபு' அறுபடாமல் வந்தது என்கிற பேச்சை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

4

1936இல் பாக்தாத்தில் இரண்டு நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. ஒன்று இசைக் கல்லூரி. மற்றொன்று வானொலி. ஈராக்கிய ஊத்தின் பிந்திய வரலாறு இந்த இரண்டு கட்டடங்களுக்கு இடையில் நடந்தது.

கல்லூரிக்குத் தலைமை ஏற்க வந்தவர் ஷரீஃப் முஹ்யித்தீன் ஹைதர் (1892-1967). இஸ்தான்புல்லில் பிறந்தவர். தகப்பனார் அலி ஹைதர் பாஷா, 1916 அரபுக் கிளர்ச்சியின்போது துருக்கியரால் மக்காவின் அமீராக நியமிக்கப்பட்டவர். அதாவது ஈராக்கின் ஹாஷிமிய அரச குடும்பத்துக்கு எதிரணி. முஹ்யித்தீன் செல்லோ கலைஞரும்கூட. அமெரிக்காவில் சில வருஷம் இருந்தவர். செல்லோவின் விரல் வித்தைகளை ஊத்துக்குக் கொண்டுவந்தார். பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் மீட்டிவிட்டு ஒதுங்குகிற கருவியாக இருந்தது, தனியே மேடையில் உட்கார்ந்து கேட்கவேண்டிய கருவியாக ஆனது. ஜமீல் பஷீர், ஸல்மான் ஷுக்ர், முனீர் பஷீர் எல்லாம் இவருடைய மாணவர்கள். 'பாக்தாத் பள்ளி' என்று இதற்குப் பெயர். ஒரு துருக்கிய நகரத்தில் வளர்ந்து, ஐரோப்பியக் கருவி பயின்றவர் உண்டாக்கினதுதான் இந்த 'ஆதி அரபுத் தூய்மை'.

வானொலிக்குப் போனவர்கள் வேறு. ஸாலிஹ் அல்-குவைத்தி (1908-1986), தாவூத் அல்-குவைத்தி (1910-1976) சகோதரர்கள். ஈராக்கிய யூதக் குடும்பம், பிறந்தது குவைத்தில். அண்ணன் வயலின், தம்பி ஊத். வானொலிக் குழுவை ஸாலிஹ் நடத்தினார். பாக்தாத்தின் நட்சத்திரப் பாடகி ஸலீமா முராத் உள்ளிட்டோருக்கு மெட்டுப் போட்டார். அந்த மெட்டுகள் டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் ஒலித்தன. தெருவில் போகிறவன் முணுமுணுக்கிற பாட்டு எதுவோ அதுதான் வானொலியின் இசை.

1941 ஜூனில் ஃபர்ஹூத் என்று அழைக்கப்படும் கலவரத்தில் பாக்தாத் யூதர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 1948இல் இஸ்ரேல் உருவாகி, பாலஸ்தீனியர் விரட்டப்பட்டார்கள். 1950இல், குடியுரிமையைத் துறந்துவிட்டு யூதர்கள் வெளியேறலாம் என்று ஈராக் சட்டம் போட்டது. அடுத்த வருஷம் அப்படிப் பதிந்துகொண்டவர்களின் சொத்துகளை முடக்கியது. 1950-51இல் சுமார் 120,000 பேர் போய்விட்டார்கள். குவைத்தி சகோதரர்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக 1951இல் போனார்கள்.

போன இடத்தில் என்ன ஆச்சு? அங்கே அரபு இசை என்பது எதிரியின் இசை. ஐரோப்பிய யூதர்கள் கட்டிய தேசத்தில் 'கீழைத்தேய' யூதர்களுக்குக் கூடாரம் போட்ட முகாம்கள் காத்திருந்தன. பாக்தாத் அரண்மனைக்கு வேண்டியவராக இருந்தவர்கள் டெல் அவீவின் ஏழைப் பகுதியான ஹத்திக்வாவில் கடை வைத்துப் பிழைத்தார்கள். இஸ்ரேலிய வானொலியின் அரபுப் பிரிவில் வாசித்தார்கள். அந்தப் பிரிவு எல்லைக்கு அப்பாலுள்ள அரபுகளுக்குப் பிரச்சாரம் செய்வதற்காக நடத்தப்பட்டது. ஆக, தன் சொந்த இசையை வாசிக்க அவர்களுக்குக் கிடைத்த ஒரே மேடை பிரச்சார மேடை.

விட்டுவந்த இடத்தில்? பாட்டுகள் ஈராக்கிலேயே தங்கிவிட்டன. வானொலியில் ஒலித்துக்கொண்டே இருந்தன. பாத் கட்சி ஆட்சியில் அவற்றுக்குமேல் இருந்த பெயர் எடுக்கப்பட்டது. 'நாட்டார் மரபு' என்று போடப்பட்டது. மெட்டுப் போட்ட ஆள் உயிரோடு, விமானத்தில் போனால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான தூரத்தில், கடை நடத்திக்கொண்டிருந்தார். அவர் பாட்டு அதற்குள் 'காலங்காலமாக மக்கள் பாடிவரும்' பாட்டாகிவிட்டது. 'நாட்டார்' என்ற சொல் நமக்குப் பிடித்தமான சொல். ஆட்சியாளரின் கையில் அது ஒரு அழிப்பானாகவும் வேலை செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இதே காலத்தில் கல்லூரி வழி வந்த ஊத் மேலே போனது. மோசுலில் அசீரியக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த முனீர் பஷீர் 1971இல் ஜெனீவாவில் தனி ஊத் கச்சேரி செய்தார். பாட்டில்லை, தாளமில்லை. தக்ஸீம் என்கிற விரிவாரம் மட்டும், நிதானமாக, மௌனங்களோடு. ஐரோப்பா அதைத் தியானம் என்று கேட்டது. பாக்தாத்தின் கருவி செய்பவர் உஸ்தா முகம்மது ஃபாதில் செய்த ஊத் அது. பலகையில் பாலத்தை ஒட்டாமல் தந்திகளைக் குடத்தின் அடியில் கட்டும் முறையில், ஒலி கூர்மையாகவும் தெளிவாகவும் வரும். முனீர் ஈராக் அரசின் பண்பாட்டுத் துறையில் பதவி வகித்தார். 1987இல் பாபிலோன் விழாவை உருவாக்கினார். 1997இல் புடாபெஸ்டில் இறந்தார். அவர் வாசிப்பின் தகுதியை நான் குறைத்துப் பேசவில்லை. கேட்டவர்களுக்குத் தெரியும் அது எப்பேர்ப்பட்ட வாசிப்பு என்று. கேள்வி வேறு. ஒரே ஊர், ஒரே கருவி, இரண்டு பக்கமும் சிறுபான்மையினர். ஒன்று 'பள்ளி' ஆகிறது, ஆசிரியர்-மாணவர் பரம்பரை எழுதப்படுகிறது. மற்றது 'நாட்டார்' ஆகிறது, பெயர் கழற்றப்படுகிறது. சொல் இல்லாத இசையை ஒரு சர்வாதிகார அரசால் எளிதாக மேடையேற்ற முடியும். அது யாரையும் எதற்கும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

5

இந்த வரலாற்றைச் சொல்லும்போது ஒரு ஆபத்து இருக்கிறது. அரபு நாட்டு யூதர்களின் இழப்பை எடுத்துப் பாலஸ்தீனியரின் இழப்புக்கு நேராக வைத்து, 'கணக்கு சரியாப் போச்சு' என்று சொல்கிற அரசியல் உண்டு. அந்தக் கணக்கை ஊத் வைத்தே மறுக்கலாம்.

கெய்ரோவில் வாசித்த அஸ்ஸூரி ஹாரூன் 1930களின் மத்தியில் ஜெருசலேம் போய் எஸ்ரா அஹரோன் ஆனார். 1936இல் அங்கே பிரிட்டிஷார் தொடங்கிய பாலஸ்தீன வானொலியில் எபிரேயப் பிரிவில் வாசித்தார். அதே நகரத்தில் இன்னொரு ஊத் கலைஞர் இருந்தார், வாஸிஃப் ஜவ்ஹரிய்யா (1897-1972). ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த பாலஸ்தீனியர். துருக்கியர் காலத்திலிருந்து பிரிட்டிஷ் காலம் வரை ஜெருசலேமின் வீடுகளில், தோட்டங்களில், மூன்று மதத்துத் திருவிழாக்களில் வாசித்ததை நாட்குறிப்பு மாதிரி எழுதிவைத்தார். நகரத்தை மதவாரியாகக் கூறுபோட்டுப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த நினைவுக்குறிப்புகள் அதிர்ச்சி தரும். 1948இல் வாஸிஃப் ஜெருசலேமை இழந்தார். பெய்ரூட்டில் அகதியாக இறந்தார். எழுதினது அவர் போய் முப்பது வருஷம் கழித்து, 2003இல்தான் அச்சேறத் தொடங்கியது.

ஒருவர் நகரத்துக்குள் வந்து பெயரை மாற்றிக்கொள்கிறார், இன்னொருவர் பெயரோடு நகரத்தைவிட்டு வெளியேறுகிறார். ஒருவர் இழப்பு மற்றவர் இழப்பைத் தள்ளுபடி செய்யாது. இரண்டையும் உண்டாக்கியது ஒரே தர்க்கம்: ஒரு நிலத்துக்கு ஒரு மக்கள், ஒரு மக்களுக்கு ஒரு பண்பாடு. இஸ்தான்புல்லில் பார்வையற்ற ஊத் மேதை உதி ஹ்ராந்த் (1901-1978) ஓர் ஆர்மேனியர். 1915 நாடுகடத்தலின்போது குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடியவர். அவர் வாசித்தது இன்று 'துருக்கிய இசை' என்ற தலைப்பில் விற்கிறது. அதே தர்க்கம், அதே கருவி.

6

அரசின் ஆவணக்காப்பகம் கைவிட்டால் பெயர் அழிந்தே போகுமா? கெய்ரோவின் ஷேக் இமாம் (1918-1995) இதற்கு வேறு பதில் வைத்திருக்கிறார். குழந்தையிலேயே பார்வை போனவர். குர்ஆன் ஓதும் பயிற்சி பெற்றவர். 1962இல் கவிஞர் அஹ்மத் ஃபுஆத் நஜ்மைச் சந்தித்தார். 1967 போர்த் தோல்விக்குப் பிறகு இருவரும் சேர்ந்து கெய்ரோவின் பேச்சுவழக்கில் ஆட்சியாளரைக் கிழித்துப் பாடல்கள் செய்தார்கள். நாஸர் சிறையில் போட்டார். ஸாதாத்தும் போட்டார். வானொலி கதவை மூடியது. பாட்டுகள் கேசட்டில் நகல் மேல் நகலாகக் கைமாறின. அந்தப் பதிவுகளில் ஊத் சுத்தமாகக் கேட்காது. பின்னால் கூட்டம் இருமும், சிரிக்கும், கூடச்சேர்ந்து பாடும். ஜெனீவா மேடையின் மௌனத்துக்கு நேர் எதிர். 2011இல் தஹ்ரீர் சதுக்கத்தில் கூடின இளைஞர்கள் அந்தப் பாட்டுகளை இன்னார் பாட்டு என்று பெயர் தெரிந்தே பாடினார்கள்.

இதை வைத்து, மக்கள் மறப்பதில்லை என்று வசனம் பேசிவிட முடியாது. பாக்தாத் மக்களும் குவைத்தி மெட்டுகளை மறக்கவில்லை, பெயரை மட்டும்தான் மறந்தார்கள். மறக்கவைக்கப்பட்டார்கள். வித்தியாசம் என்னவென்றால் இமாமின் ஆட்கள் நகரத்திலேயே இருந்தார்கள். குவைத்தி சகோதரர்களுக்குச் சாட்சி சொல்லியிருக்கக்கூடிய சமூகமே ஊரைவிட்டுப் போய்விட்டது. பெயர் நிலைக்க, அதைத் திருப்பிச் சொல்கிற ஆட்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். தாவூத்தின் பேரன் தூதூ தஸ்ஸா தாத்தாக்களின் பாடல்களை அரபியில் பாடி 2011இல் தட்டு வெளியிட்டார். அரபி பேசத் தெரியாத தலைமுறையிலிருந்து அந்தத் தட்டு வந்தது. இதற்குள் அறுபது வருஷம் கடந்துபோச்சு.

1932 கெய்ரோ பதிவுகள் 2015இல் 18 குறுந்தகடுகளாக மொத்தமாக வெளிவந்தன. 'அரபு இசை' என்ற தலைப்பின்கீழ் அஸ்ஸூரி ஹாரூனின் விரல்களை இன்றைக்குக் கேட்கலாம். அவரை 'யூத இசை' என்று எடுத்துத் தனியே வைக்க நினைப்பவர்களுக்கும், 'ஈராக்கிய மரபு' என்று பெயரைக் கரைக்க நினைப்பவர்களுக்கும் அந்த ஒலி ஒத்துழைப்பதில்லை. அவர் யூதர், அவர் வாசித்தது அரபு இசை. இரண்டு வாக்கியமும் ஒன்றையொன்று மறுக்காத ஒரு காலம் இருந்தது.

டமாஸ்கஸின் நஹாத் குடும்பத்தாரும் இஸ்தான்புல்லின் கிரேக்கர் மனோலும் தாங்கள் செய்த ஊத்களில், குடத்துக்கு உள்ளே, துளை வழியாகப் பார்த்தால் தெரிகிற மாதிரி தங்கள் பெயரை அச்சிட்ட சீட்டு ஒட்டினார்கள். பழைய ஊத் வாங்குகிறவர்கள் முதலில் அதைத்தான் குனிந்து பார்ப்பார்கள். செய்தவன் பெயர் இருந்தால் விலை கூடும். மரபு என்று நம்மிடம் எது நீட்டப்பட்டாலும் அப்படிக் குனிந்து பார்க்கிற பழக்கம் நமக்கு வேண்டும். சீட்டு இல்லையென்றால், அது ஒட்டப்படவே இல்லையா, யாரும் கிழித்தார்களா என்று கேட்க வேண்டும்.